லோடு பக்கத்தில் ஒரு ஃபால்ஸ்: பிஎச்பியில் எங்கே ரிட்டர்ன், எங்கே த்ரோ

இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியான பிஎச்பியில் எழுதிய பழைய கணக்கு மென்பொருள் ஏதாவது கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது 'ஆர் டை', அதாவது 'முடியாவிட்டால் அங்கேயே நின்றுவிடு', என்று முடியும் வரிகளைத்தான். டேட்டாபேஸ் இணைப்புக்குப் பக்கத்தில், ஃபைல் திறக்கும் வரிக்குப் பக்கத்தில், எங்கெல்லாம் அது உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும். எழுதியவர் தப்பு நடந்தால் என்ன செய்வதாக இருந்தார் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒன்றும் செய்வதாக இல்லை.

எனக்கு ஊர் செங்கோட்டை. பாவூர்சத்திரம், சுரண்டை பக்கத்துக் கமிஷன் கடைகளுக்குப் பில் மென்பொருள் எழுதிக் கொடுப்பதும், யாரோ எழுதிவிட்டுப் போனதைப் பழுது பார்ப்பதும் தொழில். சாயங்காலம் லோடு ஏறும். புளியரை தாண்டி, ஆரியங்காவு வழியாக, விடிவதற்குள் புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் என்று இறங்கியாக வேண்டும். அதனால் என் நிரல்களுக்குச் சோதனை வருகிற நேரமும் சாயங்காலம்தான்: டிரைவர் வண்டியை ஸ்டார்ட்டில் போட்டு நிற்பார், கணக்குப்பிள்ளை பில்லுக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த நேரத்தில் ஓடும் 'லோடு பதிவு' பக்கத்தை வைத்தே இதைச் சொல்கிறேன். லாரி எண், கேரளத்து வியாபாரியின் பெயர், முருங்கை, கத்தரி, பல்லாரி (பெரிய வெங்காயம்) என்று ஐட்டம் வாரியாகப் பெட்டி, எடை, விலை. 'சேமி'யை அழுத்தினால் உள்ளே நான்கு வேலை நடக்கும். கடையின் இருப்பு குறையும், பில் எழுதப்படும், வியாபாரியின் பற்றில் தொகை ஏறும், கடைசியாக அவருக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். நான்கில் எதுவும் எந்த நாளும் கெட்டுப்போகலாம்.

பழைய முறை காலை வாரும் இடம்

2004 ஜூலையில் பிஎச்பி 5 வரும்வரை இந்த மொழியில் தப்பை மேலே வீசிச் சொல்லும் எக்ஸெப்ஷன் என்ற வசதியே கிடையாது. சி மொழியின் வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஃபங்ஷன் வேலையை முடித்தால் பதிலைத் தரும், முடியாவிட்டால் 'இல்லை' என்று பொருள்படும் ஃபால்ஸ் தரும், கூடவே ஒரு வார்னிங்கை எங்கேயாவது எழுதும். அந்தக் காலத்து ஃபங்ஷன்கள் பல இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. 'ஃபைல் கெட் கன்டென்ட்ஸ்' ஃபைல் இல்லையென்றால் ஃபால்ஸ் தரும். தகவலை எழுத்தாக வைக்கும் ஜேசன் வடிவத்தைப் பிரிக்கும் 'ஜேசன் டிகோட்', தப்பான ஜேசனுக்கு நல், அதாவது 'மதிப்பே இல்லை' என்று தரும். சரியான ஜேசனிலும் 'நல்' என்பது ஒரு மதிப்புதான் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தனியாக ஒரு ஃபங்ஷனைக் கேட்க வேண்டும். 'ஸ்ட்ரிங் பொசிஷன்' தேடிய சொல் முதல் எழுத்திலேயே இருந்தால் பூஜ்யம் தரும், இல்லவே இல்லை என்றால் ஃபால்ஸ் தரும். இரட்டைச் சமக்குறியில் சோதித்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்பவர்களுக்கு வாடகைக் கணக்கைக் காட்டுவேன். ஊருக்கு ஒரு வாடகை என்று ஒரு ஜேசன் ஃபைலில் இருக்கிறது. யாரோ சர்வரைச் சுத்தம் செய்யும்போது அந்த ஃபைலையும் அழித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைலைப் படிக்கும் வரி ஃபால்ஸ் தருகிறது. அந்த ஃபால்ஸ் ஜேசன் டிகோடுக்குள் போகும்போது வெற்றுச் சொல்லாக மாறி, நல்லாக வெளியே வருகிறது. அந்த நல்லிடம் 'புனலூர்' என்ற சாவியைக் கேட்டால் இன்னொரு நல். அதைச் சரக்கு மதிப்போடு கூட்டினால் நல் பூஜ்யமாக எண்ணப்படும். கூட்டல் ஒழுங்காக நடக்கும். பில் அச்சாகும், லாரி கிளம்பும், வாடகை பூஜ்யம்.

இந்த வரிகளில் எதிலும் நிரல் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். லாகில், அதாவது எரர்களைப் பதிவு செய்யும் ஃபைலில், இரண்டு வார்னிங் விழுந்திருக்கும். அதை யார் பார்க்கிறார்கள்? வார முடிவில் லாரிக்காரர் வாடகைக்கு வந்து நிற்கும்போதுதான் கடைக்காரருக்குத் தெரியும். அதற்குள் அந்த ஊருக்குப் போன எல்லாப் பில்லும் தப்பு.

ஒவ்வொரு வரிக்கும் பின்னால் 'ஃபால்ஸா?' என்று கேட்டு எழுதினால் இது வராது, உண்மைதான். பொறுமை உள்ளவர் எழுதலாம். கோ மொழிக்காரர்கள் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அவர்களுடைய மொழி அதற்காகவே கட்டப்பட்டது. பிஎச்பியில் கேட்க மறந்தால் எதுவும் உங்களை நினைவுபடுத்தாது.

த்ரோ செய்தால் நடப்பது

எக்ஸெப்ஷன் என்பது ஒரு பொருள், அதாவது ஆப்ஜெக்ட். அதை த்ரோ செய்த வரியோடு அந்த ஃபங்ஷன் முடிந்தது, மீதி வரிகள் ஓடாது. அந்தப் பொருள், இந்த ஃபங்ஷனை அழைத்த ஃபங்ஷனிடம் போகும். அங்கே அந்த வகைக்கு ஒரு கேட்ச் இருந்தால் அது பிடிக்கும். இல்லாவிட்டால் அதை அழைத்தவரிடம், அப்புறம் அவரை அழைத்தவரிடம் என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். கடைசிவரை யாரும் பிடிக்காவிட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

மண்டியில் லோடு ஏற்றுகிறவர் ஒரு பெட்டியைத் தூக்கும்போது அடியில் அழுகல் தெரிகிறது. அதைக் கழிப்பதா, விலை குறைத்து அனுப்புவதா என்பது அவர் முடிவு இல்லை. அப்படியே வைத்துவிட்டு 'அண்ணாச்சி' என்று ஒரு குரல் கொடுப்பார். எக்ஸெப்ஷன் செய்வது அவ்வளவுதான். ஃபால்ஸ் தருவது, பெட்டியின் மேல் ஒரு துண்டுச் சீட்டைச் செருகிவிட்டு ஏற்றி அனுப்புவது மாதிரி. யாராவது பிரித்துப் படித்தால் உண்டு.

ஆகவே இரண்டில் எது உயர்ந்தது என்ற பேச்சில் எனக்கு ஆர்வம் இல்லை. ஒவ்வொரு ஃபங்ஷனிலும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தத் தோல்வியைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் யார், அவர் பக்கத்தில் இருக்கிறாரா, தொலைவில் இருக்கிறாரா? என்னை அழைத்த வரியே முடிவெடுக்கும் என்றால் ரிட்டர்ன். இல்லையென்றால் த்ரோ.

லோடு பக்கத்தில் இதைப் பொருத்திப் பார்ப்போம். கணக்குப்பிள்ளை வியாபாரியின் பெயரில் பாதி தட்டித் தேடுகிறார், யாரும் கிடைக்கவில்லை. இது தப்பே இல்லை, 'இல்லை' என்பதும் ஒரு பதில். நல் தரலாம், அல்லது வெற்றுப் பட்டியல் தரலாம். பக்கம் உடனே 'புதிய வியாபாரியா?' என்று கேட்கும். பாஸ்வேர்ட் தப்பு என்பதும் அப்படியே. மனிதர்கள் தினமும் தப்பாகத் தட்டுவார்கள், அதற்குப் போய் எக்ஸெப்ஷன் வீசுவது அதிகப்பிரசங்கித்தனம்.

படிவத்தில் விடுபட்டவை இன்னொரு வகை. லாரி எண் இல்லை, பல்லாரிக்கு எடை இல்லை, விலையில் எழுத்து கலந்திருக்கிறது. முதல் தப்பிலேயே த்ரோ செய்தால் அதை மட்டும்தான் காட்ட முடியும். அவர் திருத்தி அழுத்துவார், அடுத்ததைக் காட்டுவீர்கள், திரும்பவும் திருத்துவார். நடுவில் டிரைவர் ஹாரன் அடிப்பார். எல்லாத் தப்பையும் ஒரு பட்டியலில் சேர்த்து ஒரே தடவையில் ரிட்டர்ன் செய்யுங்கள்.

மாறாக, டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை, வாடகை ஃபைல் இல்லை, செட்டிங்கில் கடைக் குறியீடே இல்லை. இவற்றை இருப்பு குறைக்கும் ஃபங்ஷன் என்ன செய்துவிட முடியும்? ஒன்றும் முடியாது. த்ரோ. நிரலை எழுதியவர் தப்பாக அழைத்தாலும், உதாரணமாகப் பெட்டி எண்ணிக்கைக்கு மைனஸ் ஐந்து அனுப்பினாலும், த்ரோதான். அதற்கென்றே 'இன்வாலிட் ஆர்க்யுமென்ட் எக்ஸெப்ஷன்' மொழியிலேயே இருக்கிறது.

இருப்பு போதாமை மட்டும் இரண்டு இடத்தில் வரும். படிவம் தட்டும்போதே 'கத்தரி இவ்வளவு பெட்டி இல்லையே' என்று காட்டுவது சாதாரணச் சோதனை, அதற்கு ரிட்டர்ன் போதும். ஆனால் சேமிக்கும் நொடியில், பக்கத்துக் கம்ப்யூட்டரில் இன்னொருவர் அதே கத்தரியை வேறு லாரிக்கு எழுதிவிட்டார் என்றால், பாதி வேலை நடந்திருக்கும்போது அது தெரியவரும். அங்கே த்ரோ வேண்டும். ஏன் என்பது ட்ரான்ஸாக்ஷன் (எல்லா வேலையும் நடக்கும், அல்லது ஒன்றுமே நடக்காது என்ற கட்டு) பற்றிச் சொல்லும்போது தெரியும்.

முதலில் அடித்தளம்

ஒரு வரி ட்ரை கேட்ச் (முயன்று பார், எக்ஸெப்ஷன் வந்தால் பிடி) எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. எரர் ரிப்போர்ட்டிங்கை 'ஈ ஆல்', அதாவது எல்லா எரரையும் சொல், என்று வையுங்கள். நிஜ சர்வரில் 'டிஸ்ப்ளே எரர்ஸ்' அணைந்திருக்க வேண்டும், 'லாக் எரர்ஸ்' எரிய வேண்டும். திரையில் எரர் தெரிந்தால் ஃபைல் பாதையும் வரி எண்ணும் வெளி ஆளுக்குப் போகும்.

அடுத்து வார்னிங்குகளை எக்ஸெப்ஷனாக மாற்றுங்கள். 'செட் எரர் ஹேண்ட்லர்' மூலம் ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்து, அதற்குள் 'எரர் எக்ஸெப்ஷன்' வகைப் பொருளை த்ரோ செய்தால் போதும். இந்த ஒரே மாற்றத்தில் மேலே சொன்ன வாடகைக் கதை முதல் வரியிலேயே முடிந்துவிடும்: ஃபைல் இல்லை, வார்னிங் வந்தது, அது எக்ஸெப்ஷன் ஆனது, பில் அச்சாகவில்லை. ஜேசன் டிகோட் மட்டும் வார்னிங்கூடத் தராது. அதற்கு 'ஜேசன் த்ரோ ஆன் எரர்' என்ற கொடியைச் சேர்த்து அழைக்க வேண்டும், 7.3 முதல் இருக்கிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. பழைய ஹேண்ட்லர்கள், ஒரு வரிக்கு முன்னால் எரரை மறைக்கும் '@' குறி இருந்தால் எரர் ரிப்போர்ட்டிங் பூஜ்யம் ஆகும் என்று நம்பி, பூஜ்யமா என்று சோதிக்கும். பிஎச்பி 8 முதல் அது பூஜ்யம் ஆவதில்லை, 4437 ஆகிறது. பெரிய எரர்களை '@' மறைக்க முடியாதபடி செய்துவிட்டார்கள், நல்ல காரியம். ஆகவே பூஜ்யமா என்று பார்க்காமல், வந்த எரரின் எண் தற்போதைய எரர் ரிப்போர்ட்டிங்கில் அடங்குகிறதா என்று பிட் கணக்கில் பாருங்கள். '@' பற்றி என் கருத்தைக் கேட்டால், வார்னிங் வருகிறது என்பதற்காக அதைப் போடுகிறவரிடம் நிரலைக் கொடுக்கவே மாட்டேன்.

'செட் எக்ஸெப்ஷன் ஹேண்ட்லர்' எங்கேயும் பிடிபடாமல் மேலே வந்த எல்லாவற்றுக்கும் கடைசி ஆள். அதில் லாகில் எழுதி, 'சர்வரில் தப்பு' என்று பிரவுசருக்குச் சொல்லும் 500 என்ற ஸ்டேட்டஸ் கொடுத்து, மனிதருக்குப் புரிகிற ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். மெமரி தீர்ந்துபோவது போன்ற சாவுகள் இதிலும் சிக்காது. அதற்கு 'ரெஜிஸ்டர் ஷட்டவுன் ஃபங்ஷன்' வைத்து, கடைசி எரர் என்னவென்று பார்த்து லாகில் எழுதலாம்.

எதைப் பிடிக்கிறோம்

பிஎச்பி 7, 2015 டிசம்பரில் வந்தபோது ஒரு புதுக் கிளை சேர்ந்தது. அதுவரை ஃபேட்டல் எரராகச் செத்த பல விஷயங்கள் 'எரர்' என்ற வகையில் த்ரோ ஆகின்றன: டைப் எரர், இல்லாத ஃபங்ஷனை அழைத்தல் என்று. 'எரர்' என்பது 'எக்ஸெப்ஷன்' வம்சம் இல்லை. இரண்டுக்கும் பொதுவான கூரை 'த்ரோவபிள்'. 'எக்ஸெப்ஷன்' என்று மட்டும் கேட்ச் எழுதியவருக்கு டைப் எரர் பக்கவாட்டில் தப்பித்துப் போய்விடும். பூஜ்யத்தால் வகுத்தலும் இப்படித்தான். சாதாரண வகுத்தல் குறிக்கு 7-ல் வெறும் வார்னிங், 8-லிருந்து 'டிவிஷன் பை ஜீரோ எரர்'. மொத்த எடையைப் பெட்டியால் வகுத்துச் சராசரி காட்டும் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக எல்லா இடத்திலும் த்ரோவபிளைப் பிடிக்காதீர்கள். எல்லாவற்றையும் பிடித்து உள்ளே ஒன்றும் எழுதாமல் விடும் வெற்றுக் கேட்ச், '@' குறியைவிட மோசம். ஒரு லோடு பக்கத்தில் கேட்ச் வர நியாயமான இடங்கள் மிகக் குறைவு. உச்சியில் ஒன்று. தோற்றால் வேறு வழி கைவசம் இருக்கும் இடத்தில் ஒன்று. தொடங்கியதைத் திருப்ப வேண்டிய இடத்தில் ஒன்று. பிறகு, ஒரு அடுக்கின் பாஷையை அடுத்த அடுக்கின் பாஷையாக மாற்றும் இடம்.

கடைசியாகச் சொன்னது முக்கியம். டேட்டாபேஸ் தருவது 1062 என்ற எண், அதாவது ஒரே சாவி இரண்டு முறை. பக்கத்துக்கு அது புரிய வேண்டியதில்லை. பில் சேமிக்கும் அடுக்கு அந்த எண்ணைப் பிடித்து, 'பில் எண் ஏற்கெனவே உண்டு' என்று சொந்தமாக வைத்த ஒரு வகையில் திரும்ப த்ரோ செய்யலாம். அப்படிச் செய்யும்போது பழைய எக்ஸெப்ஷனை மூன்றாவது ஆர்க்யுமென்ட்டாகக் கொடுங்கள். 'கெட் ப்ரீவியஸ்' கேட்டால் அது கிடைக்கும், லாகில் மூல காரணமும் வரும். கொடுக்காவிட்டால் 'சேமிக்க முடியவில்லை' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான்.

பிஎச்பியில் க்ளாஸ்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், மொழி அனுமதிக்கிறது. என்னோடு வேலை செய்யும் தம்பி 'இருப்புப்போதாது' என்று ஒரு எக்ஸெப்ஷன் வைத்தான். ஓடுகிறது. கீபோர்டை மாற்றி மாற்றித் தட்டுவதுதான் தொல்லை.

நேம்ஸ்பேஸ், அதாவது க்ளாஸ் பெயர்களுக்கு ஒரு குடும்பப் பெயர், உள்ள ஃபைலில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கேட்சில் 'எக்ஸெப்ஷன்' என்பதற்கு முன் பின்சாய்வுக்கோடு இல்லாவிட்டால், மேலே யூஸ் வரியும் இல்லாவிட்டால், பிஎச்பி அதை உங்கள் நேம்ஸ்பேஸில் உள்ள 'எக்ஸெப்ஷன்' என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு க்ளாஸே இல்லை என்றாலும் கேட்சில் அதற்கு எரர் வராது. ஒன்றையும் பிடிக்காமல் சும்மா இருக்கும். பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும்.

இருப்பும் பில்லும் பற்றும் ஒரே கட்டு

இனி சேமிக்கும் ஃபங்ஷன். பழைய நிரலில் இருப்பு குறைக்கும் வரி ஓடும். பில் எழுதும் வரி தோற்று 'டை' சொல்லும். இருப்பு குறைந்தது குறைந்ததுதான். கடையில் கத்தரி இருக்கும், கணக்கில் இருக்காது.

புது எழுத்தில் ட்ரையைத் திறப்பதற்கு முந்திய வரியில் ட்ரான்ஸாக்ஷனைத் தொடங்குங்கள். உள்ளே முதல் வேலையாக, அந்த ஐட்டங்களின் இருப்பு வரிசைகளை 'ஃபார் அப்டேட்' போட்டுப் படியுங்கள். இன்னொரு கணக்குப்பிள்ளை அதே வரிசைக்குக் கை வைத்தால் இது முடியும்வரை காத்திருப்பார். போதாவிட்டால் 'இருப்புப்போதாது' என்று த்ரோ. போதுமென்றால் குறைத்து, பில் எழுதி, பற்றில் ஏற்றி, கமிட் செய்து உறுதியாக்குங்கள். கேட்சில் த்ரோவபிளைப் பிடித்து, ரோல்பேக் செய்து, அதாவது நடந்ததையெல்லாம் திருப்பிவிட்டு, பிடித்த அதே பொருளைத் திரும்ப த்ரோ செய்யுங்கள். இங்கே பிடிப்பது திருப்பி வைப்பதற்கு மட்டும், முடிவெடுப்பதற்கு இல்லை. மேலே இருக்கும் பக்கம் 'இருப்புப்போதாது' வகையை மட்டும் பிடித்துக் கணக்குப்பிள்ளைக்குச் சொல்லும். மற்றதெல்லாம் உச்சி ஹேண்ட்லருக்குப் போகட்டும்.

ஐட்டங்களை எப்போதும் ஒரே வரிசையில், எண் வரிசையிலேயே பூட்டுங்கள். ஒருவர் கத்தரி, முருங்கை என்றும் இன்னொருவர் முருங்கை, கத்தரி என்றும் பூட்டினால் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பார்கள். டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் அதைக் கண்டுபிடித்து ஒருவரைக் கழற்றிவிடும், 1213 என்ற எண்ணோடு. மறுமுயற்சி செய்ய ஏற்ற எக்ஸெப்ஷன் இது. முழு ட்ரான்ஸாக்ஷனையும் முதலிலிருந்து ஓட்டுங்கள், சில முறை முயன்றும் முடியாவிட்டால் மேலே விடுங்கள். வேறு எதற்கும் கண்ணை மூடிக்கொண்டு மறுமுயற்சி வேண்டாம்.

பழைய மென்பொருளில் டேபிள்கள் 'மைஐசாம்' எஞ்சினில் இருக்கலாம். அதில் ரோல்பேக் எதையும் திருப்பாது. 'இன்னோடிபி'க்கு மாற்றிவிட்டு மேலே படியுங்கள்.

குறுஞ்செய்தியைக் கமிட்டுக்குப் பிறகே அனுப்புங்கள். உள்ளே வைத்தால், செய்தி போன பிறகு ரோல்பேக் ஆகி, வராத லோடுக்குப் புனலூர்ச் சேட்டன் சந்தையில் காத்திருப்பார். வெளியே வைத்தால், செய்தி தோற்றதற்காகப் பில்லைக் கெடுக்க வேண்டியதில்லை. இது 'வேறு வழி கைவசம்' உள்ள கேட்ச்: பிடித்து, லாகில் எழுதி, ஒரு டேபிளில் 'பிறகு அனுப்பு' என்று போட்டுவிட்டுப் பில்லை அச்சடிக்கலாம். வெளிச் சர்வரோடு பேசும் கர்ல் ஃபங்ஷன்கள் பழைய முறைதான், தோற்றால் ஃபால்ஸ் தரும், த்ரோ செய்யாது. எதிர்ப்பக்கத்துச் சர்வர் 500 என்று பதில் சொன்னால் கர்லைப் பொறுத்தவரை அது வெற்றி. இரண்டையும் சோதித்து நீங்களே த்ரோ செய்யும் ஒரு சின்ன ஃபங்ஷனில் மூடிவிடுங்கள்.

'ஃபைனலி' 5.5-ல், 2013-ல் வந்தது. எப்படி முடிந்தாலும் செய்தே ஆக வேண்டியதற்கு அது, உதாரணமாகப் பிரிண்டருக்கான பூட்டு ஃபைலை விடுவிக்க. அதற்குள் ரிட்டர்ன் மட்டும் எழுதாதீர்கள், மேலே போய்க்கொண்டிருந்த எக்ஸெப்ஷன் காணாமல் போய்விடும்.

இரண்டு பாஷைக் கடை

எங்கள் பக்கத்துக்கே உரிய சங்கடம் ஒன்று. கடைக்காரர் தமிழில் பார்ப்பார், கேரளத்து வியாபாரி தன் போனில் மலையாளத்தில் பார்ப்பார். எக்ஸெப்ஷனின் மெசேஜில் 'கத்தரி 12 பெட்டிதான் உள்ளது' என்று வாக்கியமாக எழுதி, அதையே திரையில் காட்டினால் என்ன ஆகும்? வியாபாரி திரைக்குத் தமிழ் போகும். அதைவிட மோசம், ஒருநாள் டேட்டாபேஸ் எக்ஸெப்ஷனின் மெசேஜும் அதே வழியில் திரைக்குப் போகும், டேபிள் பெயரோடு.

மெசேஜ் லாகுக்கு. மனிதருக்கு வேண்டிய விவரத்தைப் பொருளின் உள்ளே தனித்தனியாக வையுங்கள்: ஐட்டம் எண், கேட்ட பெட்டி, உள்ள பெட்டி. பக்கம் அந்த எக்ஸெப்ஷனின் வகையைப் பார்த்து, அந்த மொழியின் வாக்கியத்தை எடுத்து, எண்களைப் பொருத்தும். தெரியாத வகை என்றால் பொதுவான ஒரு வாக்கியமும் ஒரு குறிப்பு எண்ணும் போதும். அதே எண் லாகிலும் இருக்க வேண்டும். கணக்குப்பிள்ளை போனில் அந்த எண்ணைச் சொன்னால் நீங்கள் நேராக அந்த வரிக்குப் போகலாம். அண்ணாச்சிமார் எரரை விவரிக்கும் அழகு தனி: 'என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சு, மூடிட்டேன்.'

லாகைப் பற்றி ஒன்று. எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸில் ஃபங்ஷனுக்குப் போன ஆர்க்யுமென்ட்களும் வரலாம், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உட்பட. 7.4-ல் வந்த 'எக்ஸெப்ஷன் இக்னோர் ஆர்க்ஸ்' செட்டிங்கை நிஜ சர்வரில் போட்டு வையுங்கள். 8.2-லிருந்து, குறிப்பிட்ட ஆர்க்யுமென்ட்டை மட்டும் மறைக்க 'சென்சிட்டிவ் பாராமீட்டர்' அடையாளம் உண்டு.

பழைய நிரலை மாற்றும் வரிசை

முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றப் போகாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் பல சமயம் வெளியிலிருந்து வரும். ஹோஸ்டிங்காரர் பிஎச்பியை மேலேற்றிவிடுவார். டேட்டாபேஸோடு பேசப் பிஎச்பி தரும் இரண்டு வழிகளான பிடிஓ 8.0 முதலும், மைஎஸ்கியூஎல்ஐ 8.1 முதலும், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் எக்ஸெப்ஷன் த்ரோ செய்யும். அதுவரை ஃபால்ஸ் வந்து, 'ஃபால்ஸ் என்றால் இப்படிச் செய்' என்று எழுதிய வரிகள் எல்லாம் அன்றோடு செத்த வரிகள். த்ரோ ஆகிவிடுவதால் அங்கே நிரல் போகவே போகாது. வெள்ளைப் பக்கம் வரும். பழைய நடத்தையை ஒரு வரியில் திரும்பக் கொண்டுவரலாம் என்பது உண்மை, அவசரத்துக்குச் செய்யலாம். ஓணம் லோடு ஓடும் வாரத்தில் நானும் அதைத்தான் செய்வேன். சீசன் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

நிதானமாக மாற்றும்போது உச்சியிலும் அடியிலும் தொடங்குங்கள், நடுவைக் கடைசியில் தொடலாம். உச்சியில் ஹேண்ட்லர்கள். அடியில், ஃபால்ஸ் தரும் ஃபங்ஷன்களை மூடும் சிறு ஃபங்ஷன்கள்: ஃபைல் படி, ஜேசன் பிரி, செய்தி அனுப்பு. இவை இரண்டும் இருந்துவிட்டால் நடுவில் உள்ள 'ஆர் டை', 'ஃபால்ஸா' வரிகளைப் பக்கம் பக்கமாக அழித்துக்கொண்டே வரலாம். நிரல் குட்டையாகும், இருப்பு, பில், பற்று என்ற கதை தெளிவாகப் படிக்கும். நடுவில் ஒரு ஃபங்ஷன் சில சமயம் ஃபால்ஸ், சில சமயம் த்ரோ என்று இரண்டும் செய்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். அழைப்பவர் இரண்டுக்கும் எழுத வேண்டியிருக்கும், ஒன்றை நிச்சயம் மறப்பார்.

கடைக்குக் கொடுக்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். வாடகை ஃபைலின் பெயரை மாற்றுங்கள், ஜேசனில் ஒரு காற்புள்ளியை அழியுங்கள், இரண்டு பிரவுசரில் ஒரே கத்தரியை ஒரே நேரத்தில் சேமியுங்கள், குறுஞ்செய்தி முகவரியை இல்லாத முகவரியாக்குங்கள். கடைசியாக மைஎஸ்கியூஎல்லையே நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திறந்து, பிரவுசரின் நெட்வொர்க் பட்டியலில் ஸ்டேட்டஸ் எண்ணைப் பாருங்கள். 500 வர வேண்டும். எரர் பக்கம் தெரிந்தும் 200 வந்தால், ஒன்று உச்சி ஹேண்ட்லரில் ஸ்டேட்டஸ் வைக்க விட்டுப்போயிருக்கும், அல்லது 'டிஸ்ப்ளே எரர்ஸ்' இன்னும் எங்கோ எரிந்துகொண்டிருக்கும். பிஎச்பியின் பொது செட்டிங் ஃபைலான பிஎச்பி.ஐஎன்ஐயில் அணைத்தும் எரிகிறது என்றால், அந்த ஃபோல்டருக்கு மட்டுமான செட்டிங் உள்ள எச்டிஆக்சஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள்.